நாற்பத்து நான்காவது கிண்ணம்

பள்ளியில் பிள்ளைகள் நாற்பத்து மூன்று.
கிண்ணம் வந்தது நாற்பத்து நான்கு.
பீடோர் கடைவீதியில் ஆ லியோங்
எண்ணிப் பார்த்துத்தான் கட்டிக் கொடுத்தார்.
தப்பு அவருடையதல்ல.
ஜனவரிப் பட்டியலை அனுப்பியவள் நான்,
பள்ளியின் கிராணி.

திருப்பிக் கொடுக்க நினைத்தேன்.
பட்டியலில் அந்தப் பெயரை அழிக்க நினைத்தேன்.
மறந்துவிட்டேன்.
மறந்துவிட்டேன் என்றுதான்
சொல்லிக்கொள்கிறேன்.

"ஒரு பிள்ளையும் வெறுங்கையோடு
வீடு போகக் கூடாது,
எதற்குப் பரிசு என்று நீங்களே தேடுங்கள்"
என்றுவிட்டார் தலைமையாசிரியை.
தேடினோம்.
கணிதத்தில் முப்பத்தெட்டிலிருந்து
ஐம்பத்தொன்றுக்கு ஏறி வந்த கிர்த்திக்ஷா.
பாலம் மூழ்கிய வாரத்திலும்
செம்பனை லோரியில் தொற்றிக்கொண்டு
வகுப்புக்கு வந்த ஹேமேஸ்வரன்.
எதிலும் சிக்காத ஒருவனுக்காக
மூன்று நாள் யோசித்து
புனிதமலர் டீச்சர் எழுதினார்:
"பகிர்ந்து உண்பதில் முதலிடம்."
பொய்யில்லை.
நாசி லெமாக்கில் நெத்திலியைக்கூடக் கொடுப்பான்.

கோயிலிலிருந்து கடன் வாங்கிய நாற்காலிகள்.
பூப்பந்துக் கோடுகளின்மேல் சிவப்புக் கம்பளம்.
தாப்பாவிலிருந்து வந்த மாவட்டக் கல்வி அதிகாரி
மழையையும் கூடவே அழைத்து வந்தார்.
உரை முழுவதும் தகரக் கூரைதான் பேசியது.
அவர் உதடு நின்றபோது
நாங்கள் கைதட்டினோம்.

பிறகு, நீண்டநாள் சேவை.
சிக்கு நொராய்னி, இருபது ஆண்டு,
எங்கள் பிள்ளைகளுக்கு மலாய் தந்தவர்.
ஒலிவாங்கியை வாங்கி
அட்சரம் பிசகாத தமிழில் சொன்னார்:
"ஆசிரியர் அறையில நீங்க பேசினதெல்லாம்
பத்தாவது வருஷமே புரிஞ்சிருச்சு."
முன்வரிசை கொஞ்ச நேரம்
தரையைப் பார்த்தது.
சிரிப்பு பின்வரிசையில்தான் தொடங்கியது,
தோட்டக்காரர் அந்தோணிமுத்துவிடமிருந்து.

அவருக்கு முப்பத்தொரு ஆண்டு.
கடை மடிப்புக் கலையாத பாத்தேக் சட்டை.
மேடையேறும் முன் செருப்பைக் கழற்றினார்.
"வேண்டாம் அண்ணே, போட்டுக்கிட்டே வாங்க."
"காலையில நான்தானே கழுவினேன்," என்றார்.

கிராணி பட்டியலில் இல்லை.
பட்டியல் போடுவதே கிராணிதான்;
தன் பெயரைத் தானே தட்டச்சு செய்ய
விரல் கூசிற்று.
இருபத்திரண்டு ஆண்டு.
அது கிடக்கட்டும்.

கடைசிப் பெயரை அறிவிப்பாளர் வாசித்தார்:
"நூறு மீட்டர் ஓட்டம், மாவட்ட அளவில் முதல் நிலை,
லோகிதன் த/பெ சின்னையா."

யாரும் எழவில்லை.
ஆகஸ்டிலேயே குளுவாங் போய்விட்டான்.
அப்பாவுக்கு அங்கே வேறு தோட்டத்தில் வேலை.
எனக்குத் தெரியும்,
மாற்றுக் கடிதத்தில் முத்திரை குத்தியது நான்.

அதிகாரி கிண்ணத்தை நீட்டியபடி நின்றார்,
பேருந்தில் மீதிச் சில்லறைக்குக்
காத்திருப்பவர் போல.
ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகள்
அவன் இங்கேயே இருப்பதுபோல்
தட்டத் தொடங்கினார்கள்.
மழையைவிடச் சத்தமாக.
நிறுத்தவே இல்லை.

யாராவது போக வேண்டும்.
போனேன்.
நாலே படி.
மை பட்ட விரலால் வாங்கினேன்.
அந்தோணிமுத்து விசிலடித்தார்.
அது அவனுக்கா எனக்கா
இன்னும் கேட்கவில்லை.

திங்கட்கிழமை பசியாறிவிட்டு
முகவரி கேட்க அழைத்தேன்.
நாலாவது முறை எடுத்தார் சின்னையா.
பின்னால் புல்வெட்டும் இயந்திரத்தின் இரைச்சல்.
"பீடோர் ஸ்கூல்லேருந்து பேசுறேன்" என்றதும்
இயந்திரம் நின்றது.
"டீச்சர்... பையன் என்ன செஞ்சான்?"

கிராணி என்று திருத்தவில்லை.
"ஓடினான் ஐயா," என்றேன்.

அந்தப் பக்கம் மூச்சே இல்லை.

"எல்லாருக்கும் முன்னால."