காட்பாடியில் நாலு பேஸ்

ஒரு குழுவுக்கு ஒருத்தர்தான்.
அதனால் நாங்கள் மேடையில் சந்திப்பதேயில்லை.
தபேலாக்காரர்கள் ஆள் மாற்றிப் போய் வாசிப்பார்கள்,
பாடகர்களுக்குள் பகையாவது உண்டு.
பேஸ் வாசிப்பவனுக்கு
இன்னொரு பேஸ் வாசிப்பவன்
வதந்தி.

வைகாசி முகூர்த்தம், இரவு இரண்டே கால்.
குடியாத்தத்திலிருந்து எங்கள் வேன்,
ஆற்காட்டிலிருந்து நீலமேகத்தின் வேன்,
பேரணாம்பட்டிலிருந்து பைக்கில் இம்தியாஸ்,
தலைக்கு மேல் ஒரு முழம் நீண்ட பையோடு.
ஸ்டேஷன் எதிர் டீக்கடையில்
எப்படியோ ஒன்றாய் நின்றுவிட்டோம்.

பேர் கேட்கவில்லை, ஊர் கேட்கவில்லை.
"இன்னா தந்தி போட்டுக்கினு கீறீங்க?"
அதுதான் முதல் பேச்சு.

நீலமேகம் தந்தி வாங்குவதில்லை,
வேகவைக்கிறார்.
நாலு மாசத்துக்கு ஒருமுறை குக்கரில், பத்து நிமிஷம்.
"அழுக்கு கழண்டு பியானோ மாதிரி பேசும்.
வூட்லதான் ரெண்டு நாளைக்கு
யாரும் பேச மாட்டாங்க."

இம்தியாஸின் தோள்வார் ஆம்பூர்த் தோல்,
பூட்ஸுக்கு ஆகாதென்று கழித்த துண்டு.
"நாலரைக் கிலோவ
நாலு மணிநேரம் மாட்டிப் பாருங்க,
அப்புறம் சொல்லுங்க நைலான் போதும்னு."

நான் வெயிலைச் சொன்னேன்.
சித்திரையில் கழுத்து பின்னுக்கு வளைந்து
ஒவ்வொரு ஃப்ரெட்டிலும் தந்தி கறகறக்கும்.
ஐப்பசியில் மழை குடித்து முன்னுக்கு வளையும்,
தந்திக்கும் பலகைக்கும் நடுவே
எறும்பு குடைபிடித்துப் போகலாம்.
அலென் கீயால் கால் சுற்று இப்படி, கால் சுற்று அப்படி.
என் வீட்டு நாள்காட்டி அது.

அப்புறம் சண்டை.
ஐந்தாம் தந்தி வேண்டுமா வேண்டாமா.
"நாலுக்கு மேல எதுக்கு?
அவ்ளோ கீழ போய் இன்னா எடுக்கப்போற,
பாலாத்துல மணலா?"
நீலமேகம் மேசையைத் தட்டினார்.
இம்தியாஸ் பதில் சொல்லவில்லை,
பன்னை டீயில் நனைத்தான்.

இன்றைக்கு நாலாவது பாட்டில்
என் ஆம்ப் ஃப்யூஸ் போனதைச் சொன்னேன்.
பாடகி திரும்பவில்லை. டிரம்ஸ் திரும்பவில்லை.
மாப்பிள்ளை செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தார்.
ஸ்பீக்கர் பெட்டிமேல் சாய்ந்து
அதுவரை தூங்கிய குழந்தை மட்டும்
எழுந்து அழுதது.
மூவரும் கொஞ்ச நேரம் டீ குடிக்கவில்லை.

இரண்டே முக்கால் ரயிலில் இறங்கினாள் பெனிட்டா.
ரத்த வங்கியில் வேலை, ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பேஸ்.
முதுகில் கிடார், கையில் அட்டைப்பெட்டி.
பையின் நீளத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டோம்.
பெட்டியைப் பிரிக்கச் சொல்லி
பெண் பார்க்க வந்தவர்கள்போல் சுற்றி உட்கார்ந்தோம்.

"பத்து இன்ச்சா? இருமும்."
"நாப்பது வாட்ஸா? மண்டபத்துல மிக்ஸி சத்தம் ஜெயிச்சிடும்."

"நான் மண்டபத்துல வாசிக்கலையே,
என் ரூம் பத்துக்கு எட்டு.
பக்கத்துல மூணு நர்சுங்க
நைட் டூட்டி முடிச்சுத் தூங்குவாங்க.
சுவர் தாண்டாம என் விலாவுல மட்டும் கேட்கணும்."

மொபைல் சார்ஜரைப் பிடுங்கிவிட்டு
டீக்கடைப் பிளக்கில் செருகினாள்.
தடித்த தந்தியை ஒரே ஒரு தடவை
கட்டைவிரலால் தொட்டாள்.

தட்டில் கவிழ்த்த தம்ளர்கள்
ஒன்றோடொன்று உரசின.
டீ மாஸ்டர் ஆற்றுவதை நிறுத்தித்
தண்டவாளத்துப் பக்கம் பார்த்தார்.
"கூட்ஸ் வருதா?"

யாரும் மறுக்கவில்லை.
இத்தனை வருஷ வாசிப்புக்கு
இப்படியொரு பாராட்டு
எங்கள் நால்வருக்கும் பொதுவில் கிடைத்தது.

ஐந்து நிமிஷத்தில் நிஜமாகவே கூட்ஸ் வந்தது.
நிலக்கரி, முடிவில்லாமல்.
இம்தியாஸ் தலையைச் சாய்த்துக் கேட்டான்.
"நம்ம கடைசித் தந்திக்கும் கீழ.
அஞ்சாவது இருந்தா புடிச்சிடலாம்."

நீலமேகம்
பெட்டிகளை எண்ணுவதுபோல்
அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.
நாலு டீக்கும் ஒரு பன்னுக்கும்
அவர்தான் காசு கொடுத்தார்.