மைனஸ் இருபத்து நான்கு

வகுப்பில் எனக்கு முன்னால் இருந்தவனுக்குப் பதினேழு வயது.
மீசை இன்னும் யோசித்துக்கொண்டிருந்தது.
எனக்கு நாற்பத்தொன்று.
முதல் நாள் என்னை வாத்தியார் என்று நினைத்து
தொப்பியைக் கழற்றினான்.

குளிரை யாரும் செய்வதில்லை.
அதுதான் முதல் பாடம்.
இங்கிருந்து வெப்பத்தை எடுக்கிறோம்,
அங்கே கொண்டுபோய்க் கொட்டுகிறோம், அவ்வளவே.
கேட்டதும் கடல், நாடு, புலம்பெயர்வு என்று
ஒரு பெரிய உவமை தொண்டைவரை வந்தது.
விழுங்கிவிட்டேன்.
பரீட்சையில் அதற்குப் புள்ளி கிடையாது.
ஆவியாகும் வெப்பநிலைக்கு உண்டு.

அதற்கு முன் பதினோரு வருடம்
பிரேமர்ஹாஃபன் மீன்துறைமுகத்தில் பெட்டி அடுக்கினேன்.
மைனஸ் இருபத்து நான்கு.
மூக்குமயிர் உறைகிற சத்தம் எனக்குத் தெரியும்.
கூரையில் சுழலும் காற்றாடிகளுக்குப் பின்னால்
என்ன இருக்கிறது என்று ஒருநாளும் கேட்டதில்லை.
கேட்டால் சம்பளம் கூடாது.

பிறகு முதுகு கேட்டது.
பாரம் தூக்காதே என்றார் வைத்தியர்.
வேலைவாய்ப்பு அலுவலகத்துப் பெண் பட்டியலை நீட்டினாள்:
பேக்கரி, பஸ், முதியோர் இல்லம், குளிர்சாதனத் தொழில்.
"குளிரில் அனுபவம் உண்டா?"
நான் சிரித்த சிரிப்பில் அவள் பயந்துபோனாள்.
கம்பிரசர் நாற்பது கிலோ என்று
அவள் சொல்லவில்லை.

செம்புக்குழாய் வெட்டப் பழகினேன்.
வெட்டிய வாயில் பிசிறு நிற்கக்கூடாது.
ஒட்டும்போது உள்ளே நைட்ரஜன் ஓடவேண்டும்,
ஓடாவிட்டால் கரி படியும்,
ஆறு மாதம் கழித்து எங்கோ ஒரு வால்வு அடைத்து
உன் பெயரைச் சொல்லும்.
வெள்ளிக்கம்பி உருகி
மூட்டுக்குள் தானாக ஓடி மறையும் ஒரு நொடி,
அதைப் பார்க்கவே தேவைக்கு மேல் ஒட்டினேன்.
கழித்த துண்டுகளை வீட்டுக்குக் கொண்டுவந்தால்
பவளராணி ஜன்னலில் அடுக்கிவைத்து
"சாமிக்கோ?" என்றாள்.

என் மேலாள் வீப்கே. வயது இருபத்து மூன்று.
கழுத்தில் ஒரு நண்டு பச்சை.
குலவீரசிங்கம் அவள் வாயில் குலா ஆனான்.
கசிவு தேட அவளைப்போல் ஆளில்லை.
விலைகூடின கருவி பெட்டிக்குள் தூங்கும்;
சவர்க்கார நுரையைத் தூரிகையால் தடவிவிட்டு
இமைக்காமல் காத்திருப்பாள்.
கடுகளவு ஒரு குமிழ் ஊதும்.
"பார், பேசுது."

சான்றிதழ் வந்தபின் முதல் மார்கழி.
இரவு இரண்டு மணிக்குத் தொலைபேசி:
மீன்துறைமுகம், ஏழாம் மண்டபம்,
மைனஸ் ஒன்பது, இன்னும் ஏறுகிறது.
வீப்கேக்குக் காய்ச்சல்.

வாசலில் மார்ச்சின். பழைய கூட்டாளி,
அதே நீலக் குளிர்ச்சட்டை, அதே தும்மல்.
"நீயா? மெக்கானிக்கை அல்லவா கூப்பிட்டோம்."
"நான்தான்."
கொஞ்சநேரம் இருவரும் ஏணியைப் பார்த்தோம்.

மேலே, ஆவியாக்கி முழுக்கப் பனிக்கட்டி.
காற்றாடி அதற்குள் சிக்கி முனகியது.
பதினோரு வருடம் என் தலைக்கு மேல் இருந்ததை
முதல்முறை நேருக்கு நேர் கண்டேன்.
பனி உருக்கும் ஹீட்டர் நல்லது. கம்பி நல்லது.
ரிலே செத்திருந்தது.
பதினான்கு யூரோ, தீப்பெட்டியளவு.
கீழே நாற்பது தொன் மீன் அதை நம்பிக் கிடந்தது.

மாற்றினேன்.
ஒன்பது எட்டானது.
மார்ச்சின் திரையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.
"உருகும்போது அப்படித்தான்" என்றேன்,
என் குரலையே நம்பாமல்.
பனி அழுதது என்று எழுதமாட்டேன்.
குழாய்வழி தண்ணீர் இறங்கியது.
ஐந்தரைக்கு மைனஸ் பத்து.
ஏழுக்குப் பதினான்கு.

காப்பி வந்தது. என் முதுகை விசாரித்தான்,
அவனுடையதை விசாரித்தேன்.
கோப்பை காலியானபின்
"அந்தப் படிப்புக்கு வயதெல்லை உண்டா?"

அறிக்கையில் "டெர் ரிலே" என்று எழுதியிருந்தேன்.
படுக்கையிலிருந்து வீப்கே ஒரே சொல் அனுப்பினாள்:
"தாஸ்".
வேறு பிழை இல்லை.

வீட்டுக்கு வந்தேன்.
எங்கள் பிரிட்ஜ் மூன்று கிழமையாக முனகுகிறது.
"மெக்கானிக் எப்ப வருவார்?" என்றாள் பவளராணி,
திரும்பிப் பார்க்காமல்.
ஜன்னலுக்கு வெளியே, விளிம்பில்,
செம்புத்துண்டுகளுக்கு நேர் எதிரே
பால் போத்தல்.
மைனஸ் இரண்டு,
இலவசம்.