பற்றுச்சீட்டு எண் 0417

ஆஸ்பத்திரியிலிருந்து அக்கா
பெட்டியோடேயே வந்து இறங்கினாள்.
நாங்கள் சொல்லிவிட்டது மலைவேம்பு.
வந்தது, பித்தளைப் பிடி ஆறும்
உள்ளுக்கு வெள்ளைச் சாட்டினும் வைத்தது.
"செத்த வீட்டில விலை பேசுறதோ தங்கச்சி?"
மலர்ச்சாலை மரியசீலனின் குரலும்
சாட்டின் மாதிரித்தான்.

நான் மல்லாவிக் கூட்டுறவுக் கடையில்
பதினொரு வருஷமாய்ப் பருப்பும் சீனியும் நிறுக்கிறவள்.
முள்ளு நிற்குமட்டும்
கண்ணை எடுத்துப் பழக்கமில்லை.
வாங்கினதுக்குச் சீட்டுக் கேள் என்று
எங்கள் கடைச் சுவரிலேயே ஒட்டிக்கிடக்கு.
அழுதபடியே கேட்டேன்:
ஒவ்வொன்றாய் எழுதித் தாங்கோ.

எழுதினார்.
பெட்டி, எண்பத்தையாயிரம்.
மருந்தேற்றினது பதினெட்டு. வாகனம் பன்னிரண்டு.
குத்துவிளக்குச் சோடி, இரண்டு நாள், ஆறாயிரம்.
கதிரை ஏழாயிரத்து ஐந்நூறு.
ஏனையவை ஒன்பதாயிரம்.

கதிரை சனசமூக நிலையத்தினுடையது,
ஒவ்வொன்றின் முதுகிலும் பெயர் கிடக்கு.
விளக்கு நேற்று இரவுதான் கொளுத்தினது.
இந்த ஏனையவை
எந்தப் படலையால் உள்ளுக்கு வந்தவை?

பந்தலுக்குள் பேச்சு நின்றது.
என்ர மனுசன் காதுக்குள் சொன்னார்:
"விடு, மானம் போகுது."

அத்தானின் செத்த வீட்டில்
ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை.
அந்த மானத்துக்குக் கிழமைக்கு இரண்டாயிரத்து நூறு
மூன்று வருஷம் கட்டினவள் அக்கா.
கடன்காரப் பெடியனின் மோட்டார்சைக்கிள் சத்தத்துக்கு
அடுப்பை அணைத்துவிட்டு
ஆளில்லாத வீடாய் இருந்தவள்.

ஆளை வைத்தாயிற்று, பெட்டியை மாற்ற ஏலாது.
விலையை மாற்றலாம்.
மரியசீலனும் கெட்ட மனுசனில்லை,
பேனையை இரண்டு தரம் உதறினார்,
வெட்டினார், திரும்ப எழுதினார்.
தொண்ணூற்று மூவாயிரத்தில்
வந்து நின்றது முள்ளு.

மரண சகாயச் சங்கத்து நேசமலர்
பக்கத்தில் வந்து குந்தினா.
"சீட்டும் ஜி.எஸ். கடிதமும் தந்தியெண்டால்
நாளைக்கே முப்பதினாயிரம்.
அக்கா ஒரு மாசச் சந்தாவும் விட்டதில்லை."
கடனுக்கு ஒளித்தவள்
சாவுக்கு மட்டும் ஒழுங்காய்க் கட்டியிருக்கிறாள்.

அம்மாவுக்கு ஒரு செலவும் வரவில்லை.
மாத்தளனில்
இருந்த பங்கரையே மூடினோம்.
அக்கா கையால் மண் தள்ளினாள்.
நான் சட்டியால்.
சங்கமும் அப்போது
எங்களோடுதான் ஓடிக்கொண்டிருந்தது.
பதினைந்து வருஷமாய்
ஏதாவது ஒரு கந்தோர் கேட்கும்:
அத்தாட்சி?

வாடிக்கையாளர் என்ற இடத்தில்
என் பெயரை எழுதிக் கிழிக்கப்போனார்.
நில்லுங்கோ என்றேன்.
இறந்தவர் என்று கீழே ஒரு கோடு போடுங்கோ.
முழுப்பெயர். புவனலோஜினி.
லோ, நெடில்.
திகதி. இடம். உங்கட முத்திரை.

அமத்தி எழுதுங்கோ அண்ணை,
அடியில் இருக்கிற காபன் தாளிலும்
விழவேணும்.