டீசல் கணக்கு

எபிசோடு நானூற்றுப் பன்னிரண்டில்
சிலிண்டர் வெடிக்கவைத்து இளவேனியைக் கொன்றார்கள்.
நடித்தவளுக்குச் சம்பளத் தகராறு என்று
தண்டையார்பேட்டை முழுக்கத் தெரியும்.
தெரிந்தும் நான் அன்று இரவு சாப்பிடவில்லை.
சிரிக்கலாம். என் வீட்டுக்காரரும் சிரித்தார்.

பதினோரு நாள் கழித்து
உப்புக்காற்று என்ற பெயரில் யாரோ
அவளை எழுப்பிவிட்டிருந்தார்கள்.
எழுப்பினார்கள் என்பதுகூடத் தப்பு,
அவள் சாகவே இல்லை.
அடுப்பைப் பற்றவைக்கும் முன்
பால் தீர்ந்துபோய் தெருமுனைக்குப் போயிருந்தாள்,
அவ்வளவுதான்.
அறுபத்து மூன்று அத்தியாயமும்
அந்த அரை லிட்டர் பாலிலிருந்து வந்தவை.

போனில் இருக்கும் கதை போனோடு போகும்.
டிசம்பர் வெள்ளத்தில் ஏற்கெனவே ஒன்று போயிருக்கிறது.
ஜெராக்ஸ் கடையில் பக்கம் எண்பது பைசாவுக்கு இறக்கினேன்.
"பி.எச்.டி.யாக்கா?" என்றான் பையன்.
ஆமாம் என்றேன்.

நான்கு தாள் மடித்தால் பதினாறு பக்கம், ஒரு பாரம்.
முதலில் காசிமேட்டில் வலைநூல் வாங்கினேன்.
சுறாவைத் தாங்குகிற நூல், தாளை அறுத்தது.
பிறகு பருத்தி நூலில் மெழுகுவர்த்தி தேய்த்து
தமரூசியால் துளை போட்டுத் தைத்தேன்.
பூச்சி அரிக்காமலிருக்க
மைதாப் பசையில் மயில்துத்தம் கலந்து,
யாரும் தோசைமாவென்று தொட்டுவிடக் கூடாதே என
மூடியில் மண்டையோடு வரைந்துவைத்தேன்.
அழுத்தக் கனம் வேண்டும்.
அவளைக் கொன்ற அதே சிலிண்டரை,
அதுவும் நிறை சிலிண்டரை,
அவள் மேலேயே ஏற்றிவைத்தேன் மூன்று நாள்.
வெடிக்கவில்லை.

மடிக்கும்போதுதான் கண்டது:
சில அத்தியாயம் இருபது பக்கம் ஓடுகிறது.
சிலது வாக்கியத்தின் பாதியிலேயே
இறங்கிப் போய்விடுகிறது.
பெரிய எழுத்தாளர் உத்தி போலிருக்கிறது என்று
அறுந்த இடத்திலெல்லாம்
ஊதா மையில் ஒரு மீன் வரைந்தேன்.

எம்.சி. ரோட்டில் நான் பில் போடும் கடையின் கட்பீஸில்
மயில்கழுத்துப் பட்டும் மாங்காய் ஜரிகையும் கிடைத்தன.
அட்டை, ரிசப்ஷன் மேடைப் பெண் மாதிரி மினுங்கியது.
நாலு படம் எடுத்து அனுப்பி
இது உங்களுக்குத்தான், அட்ரஸ் தாருங்கள் என்றேன்.

இரண்டு நாள் சத்தமில்லை. அப்புறம்:

"மேடம், பேரு கஜபதி, எர்ணாவூரு. டிரெய்லர் ஓட்டுறேன்.
ஹார்பர் கேட்டுக்கு லைன்ல நிக்கும்போது எழுதுறது.
ஒருநாள் பதினாலு மணி நேரம் நின்னேன்,
அதான் அந்த நீட்டு அத்தியாயம்.
லைன் நகந்தா நிறுத்திடுவேன்.
மீனு நல்லாருக்கு.
ஆனா புக்கு வேணாம் மேடம்.
வண்டில கிளீனர் பையன், வீட்ல மச்சான்.
நான் எழுதுறது ஒருத்தருக்கும் தெரியாது."

பட்டு அட்டையைப் பிய்த்தேன்.
வருத்தம்தான்.
ஆனால் பசை அப்படிப் பிடித்திருந்ததில்
கொஞ்சம் கர்வமும் வந்தது.
பட்டை உள்பக்கம் ஒட்டினேன்.
வெளியே கறுப்புக் கலிக்கோ, சிவப்பு முதுகு,
வெள்ளை லேபிளில் கோணல் எழுத்தில்
டீசல் கணக்கு.
முன்னால் ஒரு பாரம் வெறும் தாள் சேர்த்து
தேதி, லிட்டர், ரூபாய் என்று கோடு கிழித்தேன்.
எவன் திறந்தாலும் கொட்டாவி விட்டு மூடிவிடுவான்.

டோல்கேட்டில் வண்டி நிற்காமல் ஊர்ந்தது.
கேபினிலிருந்து ஒரு கை கீழே நீண்டது,
கிரீஸ் படிந்த நகம்.
வாங்கி, பர்மிட்டுக்கும் கேட்பாஸுக்கும் நடுவில் செருகிக்கொண்டார்.
முகத்தை நான் சரியாகப் பார்க்கவில்லை.
பின்னாலிருந்த லாரிக்காரன் ஹாரன் அடித்தபடியே இருந்தான்.

போன வாரம் ஒரு செய்தி:
"நேத்து மறந்தாப்ல நெசமாவே எழுதிட்டேன் மேடம்,
நூத்து நாப்பது லிட்டர்னு. தப்பா?"

இன்று காலை
அறுபத்து நாலாவது அத்தியாயம் வந்திருக்கிறது.
மூன்றே வரி.
மூன்றாவது வரியில் இளவேனி
கதவைத் திறக்கக் கை நீட்டியபடி நிற்கிறாள்.

லைன் நகர்ந்திருக்கிறது.