திரும்பிப் போகும் பை

வந்த அன்றே யூபெலினா கேட்டாள்,
"உள்ளே என்னென்ன இருக்கிறது?"
சுங்க அதிகாரி கேட்பது போல இல்லை,
மீன் வாங்குகிறவள் கூடையை எட்டிப் பார்ப்பது போல.
பிஸ்கட் பொட்டலம் நான்கு, ஷாம்பு சாஷே பத்து,
ஈரத் துடைப்பான், வெயில் களிம்பு, நூடுல்ஸ்.
எல்லாவற்றையும் பாயில் பரப்பிவிட்டு
வெறும் பை ஒன்றை நீட்டினாள்:
"வயிற்றுக்குள் போவதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.
உறை உங்களோடு வந்தது, உங்களோடு போகட்டும்."

ராஜா அம்பாட்டில்
பெயரைச் சொன்னாலும் வரைபடத்தில் அகப்படாத தீவு.
பதினோரு வீடு, ஒரு தேவாலயம்,
மாலை ஆறுக்கு இருமத் தொடங்கிப்
பத்துக்கு ஓய்கிற ஜெனரேட்டர்.
நல்ல தண்ணீர் பக்கத்துத் தீவிலிருந்து படகில் வரும்.
மஞ்சள் கேன்களை இருவர் தாங்கி
நிறைமாதக்காரியை இறக்குவது போல் இறக்குவார்கள்.
அதைப் பார்த்த பிறகு
முதல் நாள் தலையில் ஊற்றிய ஏழு வாளியும்
ஒவ்வொன்றாகத் திரும்பி வந்து என் மேல் விழுந்தன.
மறுநாள் இரண்டு வாளி.
மூன்றாம் நாள் ஒன்றரை.
குறைத்த அந்த அரை வாளி
பெருமைக்காக.

சிங்கி இறால் கேட்டேன்.
"கடல் சாத்தியிருக்கிறது" என்றாள்,
கடை சாத்தியிருக்கிறது என்பது போல.
ஜன்னல் வழியே காட்டினாள்:
திட்டின் விளிம்பில் ஒரு கம்பு,
உச்சியில் கட்டிய குருத்தோலை.
சாசி என்றாள். போதகர் ஜெபித்துப் பூட்டியது,
ஏப்ரலில் ஜெபித்துத் திறப்பார்கள்.
அதுவரை இறால், கடலட்டை, சங்கு
எதன் மேலும் கை படக்கூடாது.
"சாவி யாரிடம்?" என்றேன் வேடிக்கையாக.
அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.
அன்றிரவு கத்திரிக்காய்.

ஐந்தாம் நாள் ஒன்று நடந்தது.
எழுதாமல் விட்டுவிடலாம் என்றிருந்தேன்.
ஆமை ஒன்றின் பின்னால் போய்த் திரும்பியபோது
என் கால்துடுப்பில் ஏதோ முறிந்தது.
முறுக்கு ஒடிகிற அளவுதான்,
தண்ணீருக்குள் அந்தச் சத்தம் காதுக்கு வராது,
காலுக்கு வந்தது.
சுண்டுவிரல் நீளப் பவளக் கிளை
நீலம் மாறாமல் மணலில் கிடந்தது.
எடுத்துப் பொருத்திப் பார்த்தேன்,
ஜாடியை உடைத்த பிள்ளை போல.
படகில் நஃப்தாலி ஒன்றும் கேட்கவில்லை.
மறுநாள் வெறும் மணல் விரிந்த ஓர் இடத்துக்குக் கூட்டிப்போய்
"இங்கே நன்றாக உதைத்து நீந்தலாம்" என்றான்.

கிளம்பும் காலை என் பை நிரம்பியிருந்தது,
கழுவி, காயவைத்து, மடித்த உறைகள்.
தூக்கிக் காட்டினேன்.
பாராட்டுக்கு நீட்டிய கைதான் அது.
யூபெலினா உள்ளே போய்
பால்மாவு டின் ஒன்றோடு வந்தாள்.
"போகிறீர்கள்தானே, இதையும்."
உள்ளே செத்த பேட்டரிகள், முப்பதுக்கும் மேல்.
சில வெள்ளை பூத்து, சில கசிந்து.
"புதைத்தால் சேம்புக்கு வரும்,
எறிந்தால் மீனுக்கு வரும்."
இத்தனை டார்ச் எதற்கு உங்களுக்கு என்றேன்.
"ராத்திரி விருந்தாளிகள் கழிப்பறைக்குப் போக.
எங்களுக்கு வழி தெரியும்."

சோரோங் விமான நிலையத்தில் டின்னைத் திறந்த காவலர்
அதையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.
"நினைவுப் பொருளா?"
ஆமாம் என்றேன்.

மக்காசரில் மூன்று கடையில் விசாரித்தேன்.
ஓர் அலுவலகத்தில் படிவம் கொண்டுவரச் சொன்னார்கள்,
படிவம் எங்கே கிடைக்கும் என்று சொல்லவில்லை.
டின் இப்போது என் சமையலறையில்
உப்பு ஜாடிக்குப் பக்கத்தில்.
வாரம் ஒருமுறை இடம் மாற்றி வைக்கிறேன்,
அதனால் ஏதோ ஆகும் என்பது போல.

ஏப்ரல் வந்துவிட்டது.
அங்கே இந்நேரம் கடலைத் திறந்திருப்பார்கள்.
நான் டின்னின் மூடியை
இன்னொரு முறை அழுத்தி மூடுகிறேன்.