டிராகன் வயிற்றுக்காரன்

கட்டுநாயக்காவில் தந்த படிவத்தில்
தொழில் என்று ஒரு கட்டம்.
டிராகன் என்று எழுதினேன்.
சீல் குத்தும் பெடியன்
இரண்டு தரம் என் முகத்தைப் பார்த்தான்.
மறுகா குத்தினான்.

பொய்யில்லை கா.
போகும் என்று ஜெர்மனியில் ஒரு ஊர்;
பேர்தான் போகும், வந்தவன் இலேசில் போகமாட்டான்.
அங்கே வால்ட்குரோன என்றொரு மெட்டல் கூட்டம்.
அவர்களுடைய டிராகனின் வயிற்றுக்குள்
பத்தொன்பது வருசம் எனக்கு உத்தியோகம்.
வலக்கையால் இழுத்தால் வாய் திறக்கும்,
இடக்காலால் மிதித்தால் புகை,
கழுத்து கிறுக வேண்டுமென்றால்
நானே முழுதாய்க் கிறுக வேண்டும்.

பேரின்பநாயகம் அவர்கள் வாய்க்குள் அடங்கவில்லை.
பேர் என்று வெட்டினார்கள்.
அவர்கள் மொழியில் பேர் என்றால் கரடியாம்.
டிராகனுக்குள் கரடி,
கரடிக்குள் நாவலடியான்.

பாடுகிறவன் ஹார்ட்முட்.
பகலில் பெயின்ட் பெக்டரி,
இரவில் அரசன்.
மார்பில் தகரம், தலையில்
பொன்பூச்சு அடித்த பிளாஸ்டிக் கிரீடம்.
திரைக்குப் பின்னால் நின்று வரவு பாடி,
திரை விழ, ஒரு சுற்று ஆடித்தான் முன்னுக்கு வருவான்.
முதல் நாளே நினைத்தேன்:
இவனுக்குச் சலங்கை கட்டிவிட்டால்
வடமோடிக்காரர் மறுப்புச் சொல்லமாட்டார்கள்.

முதல் ஒத்திகையில் வெடி போட்டார்கள்.
நாலு மூலையிலும் எட்டடித் தீ.
நான் டிராகனைக் கழற்றி எறிந்துவிட்டு
தரையில் குப்புறக் கிடந்தேன்,
காதைப் பொத்தி, வாயைத் திறந்து.
படுவான்கரையில் பழகின பழக்கம்.
எனக்கு விசா தந்தார்கள்,
என் உடம்புக்கு யாரும் தரவில்லை.

ஒருவரும் சிரிக்கவில்லை.
ஹார்ட்முட் கிரீடத்தோடு வந்தான்,
கவசம் கடகடக்கப் பக்கத்தில் படுத்தான்.
அவன் எழும்பப் பட்டபாடு!
இரண்டு பேர் தூக்கினார்கள்.

அன்றிலிருந்து ஒவ்வொரு வெடிக்கும் முன்னால்
டிராகனின் கழுத்தில் மோதிரத்தால் மூன்று தட்டு.
இருபதாயிரம் பேருக்குத் தெரியாது.
அரசன் பறவைநாகத்தை அடக்குகிறான் என்று
கத்துவார்கள்.

இசைத்தட்டு ஒன்பது.
மூன்றாவது யப்பானில் ஓடியது.
ஐந்தாவதோடு கீபோர்ட்காரன் பிரிந்தான்,
கிரீடத்தில் பாதி தனக்கு என்று வழக்குப் போட்டான்.
ஏழாவதைப் பத்திரிகைக்காரர் பகிடி பண்ணினார்கள்,
கிழட்டுக் குதிரைக்கு ஏன் சேணம் என்று.
ஹார்ட்முட் அதை வெட்டி
கழிவறைக் கதவில் ஒட்டிவைத்தான்.

கடல் வந்து நாவலடியைத் துடைத்த கிழமையும்
லைப்சிக்கில் காட்சி இருந்தது.
போகாதே என்றார்கள், போனேன்.
அழுவதற்கு டிராகனைப்போல் ஒரு இடம்
ஐரோப்பா முழுக்கக் கிடையாது.
அந்த இரவு புகை கூடப் போய்விட்டதாம்.
இடக்காலை நான் எடுக்கவேயில்லை.

கடைசியில் திரை வந்தது, முப்பதடி எல்.ஈ.டி.
அதற்குள் இருந்த டிராகனுக்கு
சம்பளமும் இல்லை, முதுகுவலியும் இல்லை.

இப்போது கல்லடியில் இருக்கிறேன்.
போன பௌர்ணமிக்கு மருமகன்,
மீன் பாடுறதைக் கேக்க வாங்க மாமா என்று
வாவிக்குள் கூட்டிப்போனான்.
பாலத்துக்குக் கீழே தோணி நின்றது.
கரையில் எந்தக் கோயிலோ, திருவிழா வெடி.
தட்டு இல்லை, ஒரு அறிவித்தலும் இல்லை.
தோணிப் பலகையில் குப்புறக் கிடந்தேன்.

தோணிக்காரன் கபூர் ஒன்றும் கேட்கவில்லை.
அவனுக்கும் ஏறாவூர்.
துடுப்பின் ஒரு நுனியைத் தண்ணீரில் விட்டு
மறு நுனியை, கிடந்த கிடையிலேயே
என் வலக்காதில் வைத்தான்.
அந்தக் காது பழுது.
ஒன்பது இசைத்தட்டின் உச்சிச் சுருதி
இரவும் பகலும் அதில் நின்று கூவும்.

“கேக்குதா?”

“கேக்குது.”

“எத்தினை மீன்?”

“ஒண்டு,” என்றேன்.
“கிரீடம் வச்சது.”