கடுகு

தென்னம்பாளையம் சந்தையில் ராத்திரி ஒன்பது தாண்டினால்
தக்காளி கூறு இருபதுக்கு இறங்கும்.
அதுவரை கத்தரிக்காய் விலை கேட்பதுபோல்
நின்றுகொண்டிருப்பேன்.
சனிக்கிழமை வாங்கிய சம்பளம்
வியாழனுக்குள் மிளகாய்த்தூள் டப்பாவில்
ஒற்றைத் தாளாகச் சுருண்டுவிடும்.
அதைத்தான் நாலு டப்பாவாக விரிக்கணும்,
கம்பெனி வேன் ஏழரைக்கு வருவதற்குள்.

தனுஷிகாவுக்கு ஒன்றை ஒன்று தொடக்கூடாது.
சோறு இந்தப் பக்கம், பொரியல் அந்தப் பக்கம்,
நடுவில் கேரட் துண்டுகளால் ஒரு வேலி.
பீட்ரூட் சாயம் ஒரு பருக்கையில் ஏறினால்
டப்பா திறந்தபடியே திரும்பி வரும்.

அவருக்கு எதுனாலும் சரி.
எதுனாலும் சரி என்றால்
தக்காளிச் சோறு தவிர எதுனாலும் என்று
எனக்குப் புரிய நாலு வருசம் ஆனது.
இப்போதும் தக்காளிச் சோறுதான் கட்டுகிறேன்.
கூறு இருபது.

கவினேசுக்குக் கடுகு ஆகாது.
இந்தப் பக்கமே அரிசியும் பருப்பும் சோற்றை
அள்ளி அள்ளித் தின்னும்போது
இவன் ஒவ்வொரு கடுகாகப் பொறுக்கி
மூடி ஓரத்தில் வரிசை கட்டுவான்.
நான் செக்கிங் டேபிளில் பனியனைப் புரட்டுவதுபோலவே:
ஓட்டை, கறை, தையல் விட்டது.
இரண்டு பேருக்கும் ஒரே கண்.
திட்டவும் முடியவில்லை.

நாலாவது டப்பா என்னுடையது.
அதில் மற்ற மூன்றின் மிச்சம்.

முட்டை இரண்டுதான் அவிக்கிறது.
நூலைச் சுற்றி இழுத்தால்
கத்தியைவிடச் சமமாகப் பிளக்கும்.
நாலு பாதி.
யாருக்கும் மஞ்சள் கூடாது, குறையாது.
திருப்பூரில் நூலுக்கா பஞ்சம்.

போன வாரம் திங்கட்கிழமை
கவினேசு டப்பா காலியாக வந்தது.
செவ்வாயும்.
மூடி ஓரத்தில் ஒரு கடுகு இல்லை.
பையன் திருந்திவிட்டான் என்று
லைனில் எல்லோரிடமும் சொல்லிவிட்டேன்.

புதன்கிழமை கழுவத் திறந்தபோது
வேறொரு அடுப்பின் வாசம்.
நல்லெண்ணெய் இல்லை, கடலெண்ணெய் இல்லை,
மூக்கைச் சுருக்கென்று பிடிக்கிற ஒன்று.
எங்கேயோ தெரிந்த வாசம்தான்.
மத்தியானம் ஒடிசாப் பெண்கள் டப்பா பிரிக்கும்போது
ஃபேன் காற்றில் என் பக்கம் வருமே, அது.
கடுகெண்ணெய்.

"பிகாஷ்கூட மாத்திக்கறேம்மா.
அவன் உருளைக்கெழங்கும் ரொட்டியும் கொண்டாருவான்."
"நம்ம சோறு?"
"அவன் தின்னுக்குவான்.
கடுகெல்லாம் கூட.
பொரியறப்ப ஆனை வெடிமாதிரி இருக்குதாம் வாயில."

முதலில் கோபம்தான் வந்தது.
ஒன்பது மணிவரை சந்தையில் நின்ற கால்
அந்த நேரம் பார்த்து வலித்தது.
கடுகு வேண்டாம், கடுகெண்ணெய் வேணுமாடா உனக்கு
என்று கேட்க வாயெடுத்து விட்டுவிட்டேன்.
பிறகு ராத்திரி படுத்துக்கொண்டு
முகம் தெரியாத அந்தப் பொம்பளையை நினைத்தேன்.
நாலரைக்கு எழுந்திருப்பாள்.
கிழங்கு எண்ணிப் போடுவாள்.
என் பையன் திருந்திட்டான் என்று
அவளும் யாரிடமாவது, அவள் பாஷையில்,
சொல்லிக்கொண்டிருப்பாள்.

அவளுக்கு ஒருவேளை தெரியும்.
எனக்குத்தான் மூன்று நாள் ஆனது.

வெள்ளிக்கிழமை தாளிக்கும்போது
கை தானாக அரை ஸ்பூன் கடுகைக் கூட்டிப் போட்டது.
அந்த டப்பாவில் மட்டும் ஒரு சொட்டு நெய்யும்.
கணக்கில் ஒன்றும் ஏறவில்லை,
அதே நாலு டப்பா, அதே படி அரிசி.
சாயங்காலம் நெளிந்த ரொட்டி ஓரம் ஒன்று
கவினேசு டப்பாவில் ஒட்டியிருந்தது.
வாயில் போட்டுப் பார்த்தேன்.
உப்பு கொஞ்சம் தூக்கல்.
சொல்லி அனுப்பலாம், எந்த பாஷையில் என்றுதான் தெரியவில்லை.

அதற்குள் தனுஷிகா வந்து நிற்கிறாள்
திறந்த டப்பாவோடு:
வேலி தாண்டி ஒரு கடுகு
முட்டைமேல் உட்கார்ந்திருக்கிறதாம்.